ஜி.எஸ்.எம். வாங்கிய எஸ்பிரசோ மெஷின்

துணி சரியில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள் திருப்பூரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். தோசை சரியில்லை என்று ரிப்போர்ட் எழுதி, முத்திரை குத்தி, கம்பெனி கேண்டீனுக்குத் திருப்பி அனுப்பியவர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் ஜி.எஸ்.எம். அந்த ரிப்போர்ட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 'ஒரே கல், ஒரே மாவு, ஒரே மாஸ்டர். பத்து தோசையில் நான்கு எடை குறைவு. ஓரம் தடிமன், நடு மெலிவு. லாட் நிராகரிக்கப்படுகிறது.' கேண்டீன் மாஸ்டர் அதே தாளில் ஒரு வடையை மடித்து அவர் கையில் கொடுத்தார். அதையும் எடை போட்டுவிட்டுத்தான் தின்றார்.

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்குதான் ஜி.எஸ்.எம். அதுவே அவருக்குப் பட்டப்பெயரும் ஆகிவிட்டது. துணியில் வட்டமாக ஒரு துண்டை வெட்டிச் சின்னத் தராசில் வைத்தால் தெரிந்துவிடும். எங்கள் ஆள் வெட்டியதெல்லாம் மற்றவர்கள் நம்புவதற்காக. அவருக்கு இரண்டு விரலால் துணியைத் தேய்த்தால் போதும், எண் வாயிலிருந்து விழும். டவுன் பஸ்ஸில் முன்னால் நின்றவர் முதுகைத் தேய்த்து, "நூத்தி எம்பதுங்க, நல்ல துணி, கழுத்துத் தையல்தான் சரியில்லீங்க" என்று சொல்லி அடி வாங்கப் பார்த்தார். காதர்பேட்டையில் ஒரு மொத்தக் கடைக்காரர் வடக்கிலிருந்து வந்த வியாபாரியிடம் இருநூறு ஜி.எஸ்.எம். என்று சத்தியம் செய்துகொண்டிருந்தபோது, ரோட்டில் போய்க்கொண்டிருந்த இவர் உள்ளே கையை நீட்டி ஒரு பனியனைத் தேய்த்து, "நூத்தி அறுபத்தஞ்சுதானுங்க" என்றார். அந்தக் கடைக்காரர் பருத்த உடம்புக்காரர். அன்றைக்கு இவரைத் துரத்திக்கொண்டு ஓடியதுபோல் அவர் வாழ்நாளில் ஓடியதில்லை.

பெண் பார்க்கப் போன இடத்தில் கதவுத் திரையில் வட்டமாக ஒரு துண்டை வெட்டி எடுத்தது தனிக் கதை. அந்த ஓட்டை வழியாகத்தான் மாப்பிள்ளையை முதலில் பார்த்தேன் என்று அவர் மனைவி சரஸ்வதியே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதைகளைக் கல்யாண வீடுகளிலும் ரயிலிலும் சங்கக் கூட்டங்களிலும் சொல்லி நான் நிறையப் பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எங்கும் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் மறுபடியும் சொல்லாமல் விட்டுவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

முதலிபாளையத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மேனேஜராக இருந்தேன். அவர் எனக்குக் கீழே துணி செக்கர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு லாட் துணி, ஒரே தொகுதியாக, வந்தது. நூற்று அறுபது இருக்க வேண்டும். ஏற்ற இறக்கம் எல்லாம் போக நூற்று ஐம்பத்திரண்டுக்குக் கீழே போகக் கூடாது. ஜி.எஸ்.எம். வெட்டிப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்து, "நூத்தி நாப்பத்தெட்டுங்க சார். ஆகாது" என்றார். கப்பலுக்கு நாள் நெருங்கிவிட்டது. நான் அவரைச் சோமனூருக்கு, இல்லாத ஒரு வேலைக்கு அனுப்பிவிட்டு, அவர் டிராயரிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ரிப்போர்ட்டில் 'பாஸ்' என்று குத்தினேன். சரக்கு போனது, போன வேகத்தில் திரும்பியது. முதலாளி கூப்பிட்டு ரிப்போர்ட்டை நீட்டினார். ஜி.எஸ்.எம். வெகு நேரம் பார்த்தார். "என்ற ஸ்டாம்புதானுங்க. ஆனா ஆகாதுன்னு சொன்னாப்புல ஒரு ஞாபகமுங்க. சாரைக் கேளுங்க" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஞாபகம் இல்லையே" என்றேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அவருக்கு வேலை போயிற்று. நான் அதற்குப் பிறகு ஏழு வருடம் அதே நாற்காலியில் இருந்து, மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றேன்.

போன மாசி மாதம் ஒரு நாள் காலையில் என் கைபேசி அடித்தது.

"சாருங்களா? நான் ஜி.எஸ்.எம். பேசறேனுங்க."

எனக்கு எழுபத்திரண்டு வயது. இந்த வயதில் உட்காருவதற்கு முன் நாற்காலி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் உட்காருவேன். அன்றைக்குப் பார்க்காமலே உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்னு நெம்ப நாளா நெனச்சிட்டிருந்தேனுங்க. நேர்ல கேட்டாத்தான் சரியா இருக்கும். ஊட்டுக்கு வர முடியுங்களா?"

போனேன். ஆட்டோவில் மூன்று விதமாக மன்னிப்புக் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் நன்றாக இல்லை. மூன்றாவதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "எனக்குங்களா?" என்றார்.

அவர் வீட்டு முன்னறையில் கட்டில் மேல் துணி ரோல்கள். சின்னச் சின்ன யூனிட்டுகளுக்குக் கூலிக்குச் செக் செய்து கொடுக்கிறார். மனைவி சரஸ்வதி, "வாங்கண்ணா" என்று தண்ணீர் கொடுத்தார். ஜி.எஸ்.எம். எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, என் கண்ணையே பார்த்தார்.

"கேட்டுப்போடறேனுங்க சார். மறைக்காமச் சொல்லோணும்."

"கேளுங்க" என்றேன்.

"காப்பி மெஷின்ல ஒம்பது பார் பிரஷர் நல்லதுங்களா, பதினஞ்சு பார் நல்லதுங்களா?"

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் கம்பெனிக்கு வந்த இத்தாலிக்கார டெக்னீஷியன் ஒருவர், இவர் விரலால் சொன்ன எண்ணும் தராசு சொன்ன எண்ணும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து அசந்து, தன் பெட்டியில் கொண்டு வந்திருந்த குட்டி மெஷினில் எஸ்பிரசோ போட்டுக் கொடுத்திருக்கிறார். "ஒரு மடக்குத்தானுங்க. மத்தியானம் வரைக்கும் நாக்குல நின்னுச்சு" என்றார். இப்போது மகள் பெங்களூரிலிருந்து போன் வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பியிருக்கிறாள். இவர் போனை விட்டுவிட்டு, வீட்டில் வைத்துக்கொள்கிற மாதிரி ஆரம்பநிலை மெஷின் ஒன்று வாங்கப் போகிறார். விமர்சனங்களெல்லாம் இங்கிலீஷில் இருக்கின்றன. படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

"உங்களாட்டப் படிச்சவங்க எனக்கு வேற ஆருங்க?" என்றார்.

உள்ளேயிருந்து சரஸ்வதி, "பில்டர் காப்பி போட்டா வேண்டாமாம். இத்தனூண்டு கப்புல கசாயம் குடிக்கோணுமாம். கேளுங்கண்ணா இந்தக் கூத்தை" என்றார்.

அன்றிலிருந்து தினமும் போனேன். நான் விமர்சனத்தைப் படிப்பேன். அவர் குறிப்பு எடுப்பார். பம்பு பதினைந்து பார் வரை தள்ளும், காப்பிக்கு ஒன்பதுதான் வேண்டும் என்று படித்துச் சொன்னதும் கொதித்துவிட்டார். "அயர்ன் செக்‌ஷன்ல அம்மாம் பெரிய பாய்லரே நாலு கிலோ பிரஷர்லதானுங்க ஓடுது! இந்த டப்பாவுக்குப் பதினஞ்சுன்னு அட்டையில போட்டிருக்கறானே, ஆரை ஏமாத்தறதுக்கு?" ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தாள், அதில் கொதிகலன் அளவு, சூடாகும் நேரம், வடிகட்டியின் விட்டம், ஏற்ற இறக்கம் எத்தனை சதவீதம் வரை பொறுக்கலாம் என்று பத்தி பத்தியாக எழுதினார். பதினாறு மெஷின்களில் பதினான்கைப் பார்க்காமலே நிராகரித்தார்.

நடுநடுவே பேனாவைக் கீழே வைத்து, "அப்பறம் சார், இன்னொண்ணு கேக்கோணும்" என்பார். ஒவ்வொரு முறையும், வந்துவிட்டது என்று நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பேன். "நம்ம போர் தண்ணி உப்புக்கு இது தாங்குமுங்களா?" என்று முடிப்பார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்து வருவேன்.

மிஞ்சிய இரண்டையும் பார்க்க அவிநாசி ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் தெற்கத்திக்காரர், சாந்தமான முகம். ஜி.எஸ்.எம். பையிலிருந்து தராசை எடுத்து மேஜையில் வைத்ததும் அந்தச் சாந்தம் கொஞ்சம் குறைந்தது.

"ஒரு மெஷினுக்குப் பத்துக் கப்பு போடுங்க. பத்துல ஒண்ணுக்கு மேல ரிஜெக்ட் ஆனா லாட்டே ரிஜெக்ட்."

"அண்ணாச்சி, ஒரு கப்பு குடிச்சுப் பாத்துட்டு வாங்கிட்டுப் போவாவ. நீங்க என்ன, கல்யாணத்துக்கா ஆர்டர் குடுக்கீய?"

"ஒரு கப்பை வெச்சு லாட்டை எப்படிங்க பாஸ் பண்றது?"

போட்டார். ஒவ்வொன்றையும் ஜி.எஸ்.எம். மும்மூன்று முறை எடை போட்டார். ருசி பார்க்கும் பொறுப்பு என்னுடையது. ஏழாவது கப்பில் என் நெஞ்சு தறி மாதிரி அடிக்க ஆரம்பித்தது. காப்பியாலா பயத்தாலா என்று பிரிக்க முடியவில்லை. பன்னிரண்டாவது கப்பில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பதின்மூன்றாவதில் அந்த முடிவு மாறிவிட்டது. இருபது கப் முடிந்தபோது விற்பனையாளர் எனக்கு நாற்காலி போட்டு விசிறிவிட்டார்.

இரண்டு மெஷினுக்கும் வித்தியாசம் வடிகட்டியில் இருந்தது. முதலாவதில் இரட்டைச் சுவர் வடிகட்டி. பழைய பொடியோ நறநறப்பான பொடியோ, எதைப் போட்டாலும் மேலே பொன்னிறமாக நுரை கட்டிக் கொடுத்துவிடும். இரண்டாவதில் ஒற்றைச் சுவர். பொடியில் சின்னத் தவறு இருந்தாலும் காப்பி அதை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முதலாவதே நல்லது என்று விமர்சனத்தில் இருந்தது. நானும் அதையே சொன்னேன்.

"வேண்டாமுங்க சார்" என்றார் ஜி.எஸ்.எம். "தப்பு செஞ்சா தப்புன்னு காட்டோணும். எதைப் போட்டாலும் நொரையைக் கட்டி மூடி மறைக்கற மெஷின் எனக்கு எதுக்குங்க?"

குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. வடிகட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒற்றைச் சுவர் மெஷினும், வறுத்த கொட்டையும், அரைக்கக் கையால் சுற்றும் ஒரு மெஷினும் வாங்கினோம். "ரெண்டு நாள் கழிச்சு வாங்க சார், மொதல் காப்பி உங்களுக்குத்தான்" என்றார்.

போன அன்று அவர் குளித்துக்கொண்டிருந்தார். சரஸ்வதி அடுப்படியில் இருந்தார். எதையாவது பேச வேண்டுமே என்று, "கடையில ஒவ்வொரு கப்பையும் மூணு தடவை எடை போட்டாருங்க. அந்தக் காலத்துல விரலாலயே சொல்லுவாரு" என்றேன்.

சரஸ்வதி கரண்டியைக் கீழே வைத்தார். "அந்த லாட்டுக்கு அப்பறம் இப்படித்தானுங்கண்ணா. ஆகாதுன்னு சொன்னதா அவருக்கு ஞாபகம். ஆனா பாஸ்னு ஸ்டாம்பு இருக்குது. நீங்களும் ஞாபகமில்லைன்னுட்டீங்க. 'சார் பொய் சொல்ல மாட்டாரு, அப்ப என்ற புத்திதான் கெட்டுப்போச்சு'ன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டாரு. கதவைப் பூட்டுனமா, கேஸை அணைச்சமா, எல்லாம் மூணு தடவை. ஊரே சிரிக்குது. சிரிச்சுட்டுப் போகட்டும். அவரு கை மேல அவருக்கே நம்பிக்கை இல்லீங்களே, அதுதான் எனக்குத் தாங்கலை."

ஜி.எஸ்.எம்.முக்கு உண்மை தெரிந்துவிடுமோ என்றுதான் பன்னிரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். தெரியாமல் இருப்பதுதான் அவரை இப்படி அரித்திருக்கிறது என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. படித்த படிப்பு இதற்கு உதவவில்லை.

இப்போதே சொல்லிவிடுவது என்று முன்னறைக்கு வந்தால், ஜி.எஸ்.எம். தலையைத் துவட்டிக்கொண்டே மெஷின் முன்னால் நின்றார். பொட்டு வைத்து, பூ வைத்திருந்தார், மெஷினுக்கு.

பதினெட்டு கிராம் பொடி. முப்பது வினாடியில் முப்பத்தாறு கிராம் காப்பி. இதுதான் இருக்க வேண்டிய அளவு, அவர் பாஷையில் ஸ்பெக். பித்தானை அமுக்கினார். எட்டே வினாடியில் பழுப்புத் தண்ணீராகக் கொட்டி முடித்துவிட்டது. மறுபடியும் போட்டார். ஒன்பது வினாடி. மூன்றாவது முறையும் அதேதான். நுரை பேருக்குக்கூட இல்லை.

முகம் கறுத்துப்போய் ஒரு தாளை எடுத்து ரிப்போர்ட் எழுதினார். கடைக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, பிரஷரே இல்லாத மெஷினைத் தலையில கட்டியிருக்கறீங்க. லாட் ரிஜெக்ட். வந்து எடுத்துட்டுப் போங்க."

விற்பனையாளர் குரல் வெளியே கேட்டது. "அண்ணாச்சி, இங்க வச்சுப் பத்துக் கப்பு போட்டுக் காமிச்சேம்லா? ரிட்டன் வந்தா சரியா செக் பண்ணாம குடுத்தேன்னு எம்மேலதான் பாய்வாவ. எனக்கு வேல போயிரும்."

"அது உங்க பாடுங்க" என்று வைத்துவிட்டார்.

நான் மெஷினோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். பொடியை அரைத்த கையோடு பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரி இருந்தது.

"பொடி எப்ப அரைச்சீங்க?"

"முந்தாநேத்துங்க."

"ஏன் அப்பவே?"

"அரைச்ச உடனே எப்படிங்க சார் போடறது? காகிதத்துல பரப்பி, ஃபேனைப் போட்டு, ஒரு நாள் முழுசா ரிலாக்ஸ் பண்ணுனனுங்க."

பனியன் துணி பின்னி வந்ததும் வெட்டக் கூடாது. ரோலைப் பிரித்துப் போட்டு ஒரு நாள் தளர விட வேண்டும், இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும். நாற்பது வருடமாக மெஷினிலிருந்து வந்த எதையும் தளர விடாமல் தொட்டதில்லை இந்த மனிதர். காப்பிப் பொடிக்கும் அந்த மரியாதையைச் செய்திருக்கிறார். உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. நான் சிரித்திருக்க வேண்டும். கையேட்டில் இருந்ததை மட்டும் படித்துச் சொன்னேன்.

எழுதிய ரிப்போர்ட்டின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு போனை எடுத்தார்.

"ஏனுங்க, நான்தான். மெஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. தப்பு என்னுது. பொடியை நான்தான் கெடுத்துட்டேன். உங்களைப் பேசுனது மனசுல வெச்சுக்காதீங்க."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் புதுக் கொட்டையை எடுத்து அரைக்க உட்கார்ந்தார்.

"அந்த லாட்டுக்கு ஸ்டாம்பு குத்தினது நான்" என்றேன்.

கை நின்றது. எந்த லாட் என்று அவர் கேட்கவில்லை.

"நீங்க நூத்தி நாப்பத்தெட்டுன்னு சொன்னீங்க. ஆகாதுன்னும் சொன்னீங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அன்னைக்கும் இருந்துச்சு."

அரைக்கிற மெஷினைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "சொன்னனுங்களா?" என்றார்.

"சொன்னீங்க."

"நூத்தி நாப்பத்தெட்டுன்னா?"

"ஆமா."

"சரசு!" என்று கத்தினார். அவ்வளவு சந்தோஷமான குரலை நான் அந்த வீட்டில் கேட்டதில்லை. "சரசு, நான் சொன்னனாமா! நூத்தி நாப்பத்தெட்டுன்னு சொல்லியிருக்கறேன்! சாருக்கு ஞாபகம் இருக்குதாமா!"

சரஸ்வதி வந்து நின்றார். அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்திரிச்சுப் போங்க சார்" என்றார். அண்ணா என்று சொல்லவில்லை.

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். ஜி.எஸ்.எம். பின்னாலேயே கேட் வரை வந்தார். இப்போது அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"என்ற கதையை எத்தனை பேர்த்துகிட்டச் சொல்லிச் சிரிச்சிருப்பீங்க சார்?"

"நிறையப் பேருகிட்ட."

"தோசைக் கதையும் திரைக் கதையும் சொல்லுங்க. அதெல்லாம் நான் செஞ்சதுதான். இதையும் சேத்துச் சொல்லிப்போடுங்க. அத்தனை பேரும் தெரிஞ்சுக்கட்டும்."

ரயிலில் கேட்டவர்களையெல்லாம் நான் எங்கே போய்த் தேடுவேன்? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்பது நாள் போன் வரவில்லை. ஒவ்வொரு நாளும் கைபேசியில் சத்தம் வருகிறதா என்று பேரனை விட்டு அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். பத்தாம் நாள் காலையில் அடித்தது.

"சாருங்களா? பொடியை இன்னும் நைசா அரைக்கோணுமா, நறநறன்னு விடோணுமா? இந்தப் புஸ்தகத்துல என்னமோ போட்டிருக்குது. வந்து படிச்சுச் சொல்லுங்க."

போனேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சரஸ்வதி இன்னும் என்னிடம் பேசுவதில்லை. தண்ணீர்ச் சொம்பை வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறார். ஜி.எஸ்.எம். தினம் ஒரு எஸ்பிரசோ போட்டு என் முன்னால் வைத்து, நான் குடித்து முடிக்கும் வரை வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் காப்பி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்தக் கப்பின் முன்னால் போய் உட்காராமல் இதுவரை ஒரு காலையைக்கூட நான் தவறவிட்டதில்லை.